எழவு வீட்டில் என்ன பேசுவது?

வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் மரண பயம் பற்றி ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் எழுதினேன். அதற்கப்புறம் வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், நாம் எல்லோருமே யாரோ ஒருவரின் சாவைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டுதான் தினமும் பஸ் ஏறுகிறோம் போலிருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே. பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். நான் சாமியாரும் இல்லை, மனநல டாக்டரும் இல்லை. பன்னிரண்டு வருடம் புற்றுநோய் வார்டில் நோயாளிகளோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுகிற வேலை பார்த்தவள், அவ்வளவுதான். அந்த அளவுக்கு என் பேச்சை எடுத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: என் சிநேகிதியின் கணவர் மாரடைப்பில் இறந்து நாற்பது நாள் ஆகிறது. அப்போது நான் வெளிமாநிலத்தில் இருந்தேன், போக முடியவில்லை. போனிலும் பேசவில்லை. இப்போது போக பயமாக இருக்கிறது. என்ன பேசுவது? இவ்வளவு தாமதமாகப் போனால் தப்பாக நினைக்க மாட்டாளா?

பதில்: போங்கள். செத்த அன்று ஊரே கூடிவிடும். பந்தல், ஐஸ் பெட்டி, மாலை, யார் கொள்ளி வைப்பது என்ற சச்சரவு, சம்பந்தி வீட்டிலிருந்து வரும் சாப்பாடு என்று அழக்கூட நேரம் இல்லாமல் நாள் ஓடும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வாடகைப் பாத்திரங்கள் திரும்பப் போனதும்தான் வீடு ஒரேயடியாகக் காலியாகும். அதற்குப் பிறகு கதவைத் தட்டுகிறவர்கள் ரொம்பக் குறைவு. நீங்கள் அந்த நேரத்தில்தான் போகப் போகிறீர்கள்.

என்ன சொல்லக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "எல்லாம் விதி", "படுக்கையில் கிடக்காமல் நல்ல சாவாகப் போனாரே", "பிள்ளைகளுக்காக நீதான் தைரியமாக இருக்கணும்." எல்லாமே நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் கேட்கிறவள் காதில், அழுகையைச் சீக்கிரம் முடி என்றுதான் விழும். இதைவிட மோசமானது துக்கம் விசாரிப்பது என்ற பெயரில் நடக்கிற போலீஸ் விசாரணை: எத்தனை மணிக்கு வலி வந்தது, உடனே கூட்டிப் போகலையா, எந்த ஆஸ்பத்திரி, ஏன் அங்கே போனீங்க. ஐம்பது பேருக்கு ஐம்பது தடவை அந்த ராத்திரியை அவள் ஒப்பித்திருப்பாள், ஒவ்வொரு தடவையும் அந்த "உடனே கூட்டிப் போகலையா"வில் கூண்டில் ஏறி நின்றிருப்பாள். நீங்களும் கேட்காதீர்கள். அவளாகச் சொன்னால் எத்தனை முறை சொன்னாலும் முதல் முறை கேட்பது போலக் கேளுங்கள்.

"முன்னாடியே வந்திருக்கணும், என்ன பேசுறதுன்னு தெரியாம பயந்துட்டேன்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டு உட்காருங்கள். அவள் கணவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயர் காதில் விழுந்தால் அழுதுவிடுவாளே என்று எல்லோரும் அதைத் தவிர்ப்பார்கள். அவள் அவரை மறந்திருந்தால்தானே நீங்கள் ஞாபகப்படுத்த முடியும்? நம் பாட்டிகள் ஒப்பாரியில் செத்தவர் வாங்கித் தந்த சேலையிலிருந்து நட்டு வைத்த தென்னை வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லி அழுவார்கள். அவர் செய்த கூத்து ஒன்று உங்களுக்கு ஞாபகம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். அவள் சிரித்தாலும் சிரிப்பாள், அதுவும் சரிதான்.

இன்னொன்று. "ஏதாவது வேணும்னா கூப்பிடு" என்று சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள், யாரும் கூப்பிட மாட்டார்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பேங்க் கணக்கு, கேஸ் இணைப்பு, ஈ.பி. பெயர் மாற்றம் என்று ஒரு பெண் கணவனை இழந்த மூன்று மாதத்தில் ஏறி இறங்குகிற கவுன்ட்டர்கள் கொஞ்சநஞ்சமில்லை, ஒவ்வொரு கவுன்ட்டரிலும் "கணவர் உயிரோட இல்லைங்களா?" என்று ஒரு தடவை கேட்பார்கள். "செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கேன், தாலுகா ஆபீஸுக்கு நானும் வரேன்" என்று சொல்லிப் பாருங்கள். நான் அறிந்தவரை அதைவிட நல்ல ஆறுதல் வார்த்தை கிடையாது.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. வயிற்றில் புற்றுநோய், கல்லீரலுக்குப் பரவிவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவிடம் அல்சர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே உயிர் போய்விடும் என்கிறார் மாமா. வலியில் ராத்திரி தூங்குவதில்லை. மார்ஃபின் எழுதிக் கொடுத்தார்கள். அது கடைசி மருந்து, கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று அத்தை பயமுறுத்துகிறார். சாப்பாடும் இறங்கவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் வலி. மற்றதெல்லாம் அப்புறம். வலியோடு இருக்கிற மனிதரிடம் எந்தப் பேச்சும் எடுபடாது.

மார்ஃபின் சாகும் நேரத்துக்கான மருந்து இல்லை, வலிக்கான மருந்து. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. சாதாரண மாத்திரையாக இருந்தால் வழக்கமாக நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுப்பார்கள். வலி வந்த பிறகு கொடுக்காமல், வலி வருவதற்கு முன்பே கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். முதல் சில நாள் மயக்கமாகவும் குமட்டலாகவும் இருக்கலாம், பெரும்பாலும் அது தானாகக் குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது, அதனால் கூடவே அதற்கும் மருந்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். உங்கள் அத்தை மேல் தப்பில்லை. 1985ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இந்த மருந்தையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டது, விதிகளுக்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகள் வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன, ஒரு தலைமுறை டாக்டர்களே அதைக் கையாண்டு பழகாமல் போனார்கள். 2014ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பயம் மட்டும் அப்படியே வீடுகளில் தங்கிவிட்டது.

சாப்பாடு. இதில்தான் வீட்டில் அதிகம் சண்டை வரும், ஏனென்றால் நமக்குப் பாசம் என்றால் ஊட்டுவதுதான். உடம்பு மெல்ல மெல்லக் கடையை மூடும்போது பசி தானாகவே போய்விடும். சாப்பிடாததால் அவர் சாகவில்லை. நோய் முற்றியதால் சாப்பாடு பிடிக்கவில்லை. வற்புறுத்தினால் புரையேறும், வாந்தி வரும். இரண்டு ஸ்பூன் ரசம் கேட்டால் இரண்டு ஸ்பூன். போதும் என்றால் போதும். கடைசி நாட்களில் ஈரத் துணியால் உதட்டையும் வாயையும் நனைத்துக்கொண்டே இருங்கள். உயிர் பிரியும் நேரத்தில் வாயில் பால் ஊற்றுகிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் உதட்டில் ஒரு சொட்டு தொட்டு வைத்தால் போதும். விழுங்க முடியாதவருக்கு ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கடைசிக் கட்டத்தில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும், மூச்சு விட்டு விட்டு வரும். பார்க்கிற உங்களுக்கு அது தாங்க முடியாததாக இருக்கும். அந்தக் கட்டத்தில் அவர் பெரும்பாலும் நினைவில் இருக்க மாட்டார், உங்களைப் போல அதை உணரவும் மாட்டார். காது மட்டும் கடைசிவரை கேட்கலாம் என்பதால் அவர் தலைமாட்டில் நிலப் பத்திரம் பற்றிப் பேச வேண்டாம்.

இனி உண்மை. உங்கள் அப்பாவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அல்சருக்கு யாரும் இத்தனை தடவை ஸ்கேன் எடுப்பதில்லை, அண்ணன் தம்பியெல்லாம் திடீரென்று பழக்கூடையோடு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போவதும் இல்லை. வார்டில் இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்: நோயாளி என்னிடம் தனியாக "எனக்குத் தெரியும்மா, பசங்க கிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க" என்பார், வெளியே வந்தால் அவர் மகன் அதே வார்த்தையை அப்பாவைப் பற்றிச் சொல்வார். நடுவில் நான் நிற்பேன். மாமாவை வில்லனாக்க வேண்டாம், அவருக்கும் பயம்தான். ஆனால் நீங்களாக எதையும் போட்டு உடைக்கவும் வேண்டாம். ஒருநாள் வலி குறைந்து நிம்மதியாக இருக்கும்போது கேளுங்கள்: "உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு நீங்க நினைக்கிறீங்க அப்பா?" அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள், தெரிந்துகொள்ள வேண்டாம் என்பதும் அவர் உரிமை. "நான் பொழைப்பேனா?" என்று அவரே கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "நோய் கையை மீறிப் போயிடுச்சுப்பா, ஆனா வலி இல்லாம பாத்துக்குவோம், நாங்க கூடவே இருப்போம்" என்ற அளவுக்குச் சொன்னால் போதும். யாருக்குக் கடன் தர வேண்டும், எந்தத் தங்கையோடு பேச்சு இல்லாமல் இருக்கிறது, எங்கே எரிக்க வேண்டும், எல்லாம் அவரிடம் பேச்சாக இருக்கும். பொய்யைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பேச்சுகளை நாம்தான் அவரிடமிருந்து பிடுங்கிவிடுகிறோம்.

உங்கள் பகுதியில் பாலியேட்டிவ் கேர் யார் செய்கிறார்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அரசாங்கத் தமிழில் நோய் ஆதரவு சிகிச்சை, அதாவது வலியையும் அவஸ்தையையும் குறைத்துப் பார்த்துக்கொள்கிற சிகிச்சை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவை உண்டு. பக்கத்து மாநிலத்தில் இந்தச் சிகிச்சை 1993ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சின்ன வலி நிவாரண கிளினிக்காகத் தொடங்கியது, பிறகு அக்கம்பக்கத்துச் சாதாரண ஜனங்களே பயிற்சி எடுத்துக்கொண்டு நோயாளிகளின் வீடு வீடாகப் போகிற இயக்கமாகக் கேரளா முழுக்கப் பரவியது. 2008ல் அந்த அரசு இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நம் ஊரிலும் தெருவுக்கு இரண்டு பேர் அப்படிக் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

கேள்வி: எனக்கு 74 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். கடைசிக் காலத்தில் வென்டிலேட்டரில் போட்டு இழுக்க வேண்டாம் என்று எழுதி வைக்க விரும்புகிறேன். மகன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். இது சட்டப்படி செல்லுமா?

பதில்: செல்லும் சார். கண்ணியமாக இறக்கும் உரிமை உயிர் வாழும் உரிமை பற்றிய அரசியல் சட்டத்தின் 21வது பிரிவுக்குள் அடங்கும் என்று 2018 மார்ச் 9ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது, இப்படி முன்கூட்டியே எழுதி வைப்பதையும் ஏற்றுக்கொண்டது. அப்போது மாஜிஸ்ட்ரேட் கையெழுத்து வேண்டும் என்றார்கள், நடைமுறையில் அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கிவிட்டார்கள்: இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். உங்களால் முடிவெடுக்க முடியாமல் போனால் யார் பேச வேண்டும் என்று நெருங்கியவர்களின் பெயரை அதிலேயே எழுத வேண்டும். தேறுவதற்கு வழியில்லை என்று இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் அது நடைமுறைக்கு வரும், ஊசி போட்டு முடித்துவிடுகிற கதை இல்லை. மனது மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

மகன் எழுந்து போவதற்கு வருகிறேன். அவர் காதில் விழுவது "அப்பா சாகப் போகிறேன் என்கிறார்" என்பது மட்டும்தான். அவரிடம், ராத்திரி இரண்டு மணிக்கு ஐ.சி.யூ. வாசலில் யாரோ நீட்டுகிற பேப்பரில் நீ தனியாக நின்று கையெழுத்துப் போட வேண்டாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மறதி நோயில் அம்மா ஒன்பது வருடம் கிடந்தார். கடைசி நான்கு வருடம் என்னை அடையாளமே தெரியவில்லை. போன மாதம் இறந்தார். எனக்கு அழுகையே வரவில்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். நெஞ்சு கல்லாகிவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். நான் பாவியா?

பதில்: ஒன்பது வருடத்தில் நீங்கள் முழு இரவு தூங்கியது எத்தனை நாள் என்று அந்தச் சொந்தக்காரர்கள் யாராவது எண்ணினார்களா? அம்மா உங்களைப் பார்த்து "யாரு நீ?" என்று முதல் தடவை கேட்ட அன்றே பாதி எழவு முடிந்துவிட்டது, அதற்கு யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை, அவ்வளவுதான். நிம்மதி வந்தது என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம், அவர் போனதில் சந்தோஷம் என்று அர்த்தமில்லை. அழுகை பிறகு ஒருநாள் வரலாம், மருந்துக்கடை வாசலில் டயப்பர் பாக்கெட்டைப் பார்த்துவிட்டு வரலாம். வராமலே போகலாம். தூங்குங்கள்.

கேள்வி: கணவர் இறந்து 14 மாதம். துக்கத்துக்கு ஐந்து நிலைகள் என்று படித்தேன். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. எனக்குக் காலையில் ஏற்பு, சாயங்காலம் கோபம். நான் எங்கே மாட்டிக்கொண்டேன்?

பதில்: எங்கும் மாட்டவில்லை. அந்த ஐந்தையும் 1969ல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற டாக்டர் எழுதியது, சாகப்போகிற நோயாளிகளோடு பேசிப் பார்த்ததை வைத்து. பின்னால் அதை இறந்தவரின் வீட்டாருக்கும் ஒட்டவைத்து, ஒன்றாம் வகுப்பு முடித்தால் இரண்டாம் வகுப்பு என்கிற மாதிரி ஆக்கிவிட்டார்கள். துக்கம் வரிசையில் நிற்பதில்லை. ஒரே நாளில் ஐந்தும் வரும், ஐந்தில் எதுவுமே வராமலும் இருக்கும். கோபம் அவர் மேல் என்றாலும் சொல்லுங்கள். "எல்லாத்தையும் என் தலையில போட்டுட்டுப் போயிட்டியே" என்று போட்டோவைப் பார்த்துத் திட்டாத பெண்டாட்டி உண்டா?

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். வருடம் தாண்டியும் அநேகமாக ஒவ்வொரு நாளும் அவர் நினைப்பில் எந்த வேலையும் ஓடாமல், யாரையும் பார்க்கப் பிடிக்காமல், அவரோடு என் வாழ்க்கையும் முடிந்தது என்று இருந்தால் அதற்கு டாக்டர்கள் நீடித்த துக்கம் என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், பேச்சு வழியாகவே சிகிச்சையும் இருக்கிறது. அதற்குப் போவது அவரை மறப்பதற்கு இல்லை. உங்கள் கடிதத்தில் பிள்ளையின் பிளஸ் டூ பற்றியும், புதிதாக ஸ்கூட்டி ஓட்டக் கற்பது பற்றியும் இரண்டு பக்கம் இருக்கிறது, அதனால் எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஆனாலும் உங்களுக்குத் தோன்றினால் போய்ப் பாருங்கள்.

கேள்வி: தம்பி தற்கொலை செய்துகொண்டு ஆறு மாதம். அன்று மதியம் எனக்கு போன் செய்தான், ஆபீஸ் மீட்டிங்கில் இருந்ததால் எடுக்கவில்லை. ஊரில் காதலா, கடனா என்று கேட்டே கொல்கிறார்கள். அம்மா யார் கேட்டாலும் மாரடைப்பு என்கிறார். சில ராத்திரி நானும் அவனோடு போய்விட்டால் என்ன என்று தோன்றுகிறது.

பதில்: கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன் தங்கச்சி, ஏனென்றால் எல்லாவற்றையும்விட அதுதான் எனக்கு முக்கியம். அந்த ராத்திரிகளில் தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், அரசின் டெலி மானஸ் சேவை, காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். சென்னையில் 1986லிருந்து இதற்காகவே இயங்குகிற சிநேகா அமைப்பின் எண் 044-24640050. இன்றைக்கே, வீட்டில் ஒருவரிடம் எனக்கு எழுதிய இதே வரியைச் சொல்லுங்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இப்படித் துக்கத்தில் இருப்பவரிடம் "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலருக்கு, அப்பாடா, ஒருத்தராவது கேட்டார்களே என்றுதான் இருக்கும்.

எடுக்காத போன். அதை எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அதனால் "உன் மேல தப்பே இல்லை" என்று சொல்லி அதை மூடிவிட நான் வரவில்லை, சொன்னாலும் உங்கள் மனது கேட்காது. ஆனால் நடந்தது தெரிந்த பிறகு திரும்பிப் பார்க்கிற நீங்கள் வேறு, அன்று மீட்டிங்கில் இருந்த நீங்கள் வேறு. அவளுக்கு அது வழக்கமாக வருகிற தம்பியின் போன், சாயங்காலம் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இப்போது தெரிந்ததை வைத்து அவளை விசாரிக்கிறீர்கள். தற்கொலைக்குப் பின்னால் ஒரே ஒரு காரணம் இருப்பது அபூர்வம், பல விஷயம் சேர்ந்து முறுக்கிக்கொண்டிருக்கும். காதலா கடனா என்று கேட்கிற ஊருக்குத்தான் ஒரே வார்த்தையில் பதில் வேண்டும். "அவனுக்குத் தாங்க முடியாத கஷ்டம் இருந்தது, அதுக்கு மேல பேச எனக்கு முடியலை" என்று ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுங்கள், மரியாதைக் குறைவு இல்லை.

அம்மா மாரடைப்பு என்று சொல்வதை இப்போதைக்கு விடுங்கள், ஊருக்கு எதிரே அவருக்கு இருக்கிற ஒரே குடை அது. உங்கள் இரண்டு பேருக்குள் மட்டும் அந்தப் பொய் இருக்க வேண்டாம். இப்படிப் போனவர்களுக்குப் பல வீடுகளில் காரியத்தைக்கூட அவசர அவசரமாக, யாருக்கும் சொல்லாமல் முடித்துவிடுவார்கள், போட்டோவும் மாட்ட மாட்டார்கள். உங்கள் தம்பி வாழ்ந்தது அந்த ஒரு மதியம் மட்டும் இல்லையே. போட்டோவை மாட்டுங்கள்.

கேள்வி: ஆறு வயது மகளிடம், பாட்டி ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டோம். இப்போது நான் ஊருக்குக் கிளம்பினாலே கத்தி அழுகிறாள்.

பதில்: அழாமல் என்ன செய்வாள்? ஊருக்குப் போகிறவர்கள் திரும்ப வருவதில்லை என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள். "தூங்கிட்டாங்க" என்றும் சொல்ல வேண்டாம், அப்புறம் தூங்க பயப்படுவாள். நேராகவே சொல்லுங்கள்: பாட்டி செத்துப்போயிட்டாங்க, அவங்க உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு, இனி வர மாட்டாங்க, முன்னாடி தப்பாச் சொல்லிட்டோம், ஸாரி. அதே கேள்வியைப் பத்து நாள் கேட்பாள், பத்து நாளும் அதே பதில். நடுவில் "சரி, ஐஸ்கிரீம் இருக்கா?" என்பாள். குழந்தைகள் அப்படித்தான், துக்கம் என்ற குட்டையில் இறங்குவதும் ஏறுவதுமாக இருப்பார்கள். தான் திட்டியதால்தான் பாட்டி செத்தாரோ என்று உள்ளுக்குள் நினைக்கிறாளா என்று மட்டும் ஜாடையாகக் கேட்டுப் பாருங்கள், இந்த வயதில் அது சகஜம்.

கேள்வி: பதிமூன்று வருடம் கூடவே இருந்த நாய் போன வாரம் செத்துப்போனது. ஆபீஸில் லீவு கேட்டதற்குச் சிரித்தார்கள். இதற்கெல்லாம் உங்களுக்கு எழுதலாமா?

பதில்: தாராளமாக எழுதலாம். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், கேட் சத்தம் கேட்டதும் ஓடிவரும் என்றும், தீபாவளிக்குக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும் என்றும். பெயரை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்களே. அதன் பெயர் என்ன?